வண்டியில் ஒட்டியதை எடுப்பதும், எடுத்த பின் தெரியும் தடமும்



அன்பிற்குரிய ஜமாஅத்தார்களே, நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் பெரும்பாலும் கல்வி உதவி, மருத்துவ உதவி, ஓய்வூதிய மனு பற்றித்தான் கேட்டு வருவார்கள். கொஞ்ச காலமாக இன்னொரு கேள்வியும் வருகிறது. "செக்ரட்டரி பாய், சென்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகணும். வண்டியில இருக்கிற ஸ்டிக்கரை எடுத்துடணுமா? எடுத்தா பெயிண்ட் வந்துடுமா?" வாடகை வண்டி ஓட்டும் சகோதரர்களும் கேட்கிறார்கள், பழைய கார் வாங்கியவர்களும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒருமுறை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரல் இறுதியில் சென்னைப் பெருநகரப் போக்குவரத்துக் காவல்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. காவல், பத்திரிகை, வழக்கறிஞர், மருத்துவர், தலைமைச் செயலகம், கட்சிப் பெயர் போன்றவற்றை அனுமதியில்லாமல் வண்டியில் ஒட்டியிருப்பவர்கள் எடுத்துவிட வேண்டும், மே 2 முதல் நடவடிக்கை என்றது. அது சென்னைக்கான அறிவிப்புதான். ஆனால் நம்பர் பிளேட் பற்றிய சட்டம் செஞ்சிக்கும் சென்னைக்கும் ஒன்றே. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 50-ஆம் விதி, பதிவெண் பலகை எப்படி இருக்க வேண்டும் என்று அளவு முதற்கொண்டு சொல்கிறது. அதில் பதிவெண்ணைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவின்படி முதல் தடவை ரூ.500 வரையும், மறுபடியும் சிக்கினால் ரூ.1,500 வரையும் அபராதம்.

ஆகவே நம்பர் பிளேட்டில் பிறை, 786, கட்சிக் கொடி, மகன் பெயர், ஊர்ப் பெயர் எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பலகை இருக்கும். சக்கர ஹோலோகிராமும் லேசர் எண்ணும் உள்ள அந்தப் பலகையின் மேல் பிளேடையோ தின்னரையோ கொண்டுபோகாதீர்கள். பூட்டு உடைந்தாலும் எண் அழிந்தாலும் புதுப் பலகைதான் வாங்க வேண்டியிருக்கும். அதில் ஏதாவது ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர், சோப்பு, கைவிரல் இவை மட்டும் போதும்.

மூன்று சிங்கங்கள் தெரியும் அரசு முத்திரையை ஒட்டிக்கொள்வது இன்னும் பெரிய விஷயம். அதற்கென்றே 2005-இல் தனிச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறையோ, ரூ.5,000 வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவரின் காரை வாங்கினோம், முத்திரை அப்படியே இருந்தது என்று சொல்வதெல்லாம் சோதனைச் சாவடியில் எடுபடாது.

இதையெல்லாம்விட நம் சமுதாயத்துக்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் அறக்கட்டளை நோயாளிகளை முண்டியம்பாக்கத்துக்கும் ஜிப்மருக்கும் கொண்டுபோக ஒரு பழைய வேன் வாங்கியது நீங்கள் அறிந்ததே. வெளியூர் அமைப்பு ஒன்றிடமிருந்து வந்த வண்டி அது. பின் கதவில் வெள்ளைப் பின்னணியில் பெரிய சிவப்புப் பிறை ஒட்டப்பட்டிருந்தது. "பிறை இருக்கட்டுமே, நம்ம அடையாளம்தானே" என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொன்னார்கள். ஆனால் வெள்ளையில் சிவப்புப் பிறை என்பது நம் அடையாளம் அல்ல. 1864 ஜெனீவா ஒப்பந்தத்தில் போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்வோருக்குச் செஞ்சிலுவை அடையாளமாக வந்தது. 1876-இல் உஸ்மானியப் பேரரசு தன் மருத்துவப் பிரிவுக்குச் சிலுவைக்குப் பதிலாகச் சிவப்புப் பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1929 ஒப்பந்தத்தில் அதற்கு உலக அங்கீகாரம் கிடைத்தது. போரில் இந்த அடையாளம் உள்ள வண்டியைச் சுடக்கூடாது. அந்த நம்பிக்கை கெடாமல் இருப்பதற்காகவே மற்றவர்கள் அதைத் தொடக்கூடாது என்று நாடுகள் சட்டம் போட்டிருக்கின்றன. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டம், 12-ஆவது பிரிவு. மத்திய அரசின் ஒப்புதல் இல்லாமல் செஞ்சிலுவையையோ சிவப்புப் பிறையையோ எந்தக் காரியத்துக்கும் பயன்படுத்தக்கூடாது. டாக்டர் வண்டியில் இருக்கும் சிவப்புக் கூட்டல் குறிக்கும், மருந்துக் கடைப் பலகைக்கும், ஜமாஅத் ஆம்புலன்ஸின் சிவப்புப் பிறைக்கும் இதே சட்டம்தான். அபராதம் ரூ.500 வரை என்பதால் பலர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தொகை சிறியது என்பதற்காக விட்டுவிட வேண்டாம் என்று முடிவு செய்து நம் வேனிலிருந்த பிறையை எடுத்தோம். "ஆம்புலன்ஸ்" என்ற எழுத்து போதும். பச்சையில் சாதாரணப் பிறை வைத்துக்கொள்வதை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் ஆம்புலன்ஸும் ஜனாஸா வண்டியும் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் ஒருமுறை தங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துக்கொள்வது நல்லது.

கம்பெனி எழுத்துகள், மாடல் பெயர், டீலர் பெயர் இவற்றை எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். புது வண்டி எடுப்பவர்கள் டெலிவரிக்கு முன்பே "உங்க ஷோரூம் பெயரை டிக்கியில ஒட்டாதீங்க" என்று சொல்லிவிட்டால் வேலையே மிச்சம்.

இனி எடுக்கும் முறைக்கு வருவோம்.

பட்டறைக்காரர்கள் மோனோகிராம் என்று சொல்லும் கம்பெனிச் சின்னமும் எழுத்தும் இப்போதைய கார்களில் பெரும்பாலும் இரட்டைப் பக்க ஃபோம் டேப்பில்தான் நிற்கின்றன. பழைய கார்களிலும் சில பெரிய சின்னங்களிலும் பின்பக்கம் ஆணி போன்ற காம்பு இருக்கும், தகட்டில் துளையும் இருக்கும். டிக்கியைத் திறந்து உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். காம்பு இருந்தால் நூல் போட்டு அறுக்க முடியாது. உள்ளேயிருந்து கிளிப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிய பின் துளையை அப்படியே விட்டால் மழைத் தண்ணீர் இறங்கி ஒரே வருஷத்தில் துரு பிடிக்கும். அந்தத் துளைக்கு ரப்பர் மூடியாவது போட வேண்டும், முடிந்தால் பட்டறையில் அடைத்துவிட வேண்டும். இந்தச் செலவுக்கு மனம் இல்லையென்றால் சின்னம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

டேப்பில் நிற்பவற்றுக்கு வெப்பம்தான் சாவி. பசை குளிர்ந்திருக்கும்போது கெட்டியாக இருக்கும், சூடேறினால் இளகும். வீட்டில் பெண்கள் தலை உலர்த்தும் ஹேர் டிரையர் போதும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே ஒன்றிரண்டு நிமிடம் காட்டுங்கள். கை வைத்தால் சுட வேண்டும், ஆனால் இரண்டு மூன்று விநாடி வைக்க முடிய வேண்டும். அந்தச் சூடுதான் அளவு. பட்டறையில் இருக்கும் ஹீட் கன் வேறு பொருள். அது பல நூறு டிகிரிக்குப் போகும், பழகாத கையில் பெயிண்ட் கொப்பளித்துவிடும். ஹேர் டிரையர் இல்லாதவர்கள் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சின்னத்தின் மேல் போட்டு எடுக்கலாம். நம் ஊர் வெயிலில் காலை ஒன்பது மணிக்கு அரை மணி நேரம் வண்டியை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம். அப்போது தகடு அதிகமாகக் கொதிக்கும். பசை எடுக்கப் போடும் எண்ணெயும் ஸ்பிரிட்டும் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும்.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் டேங்கின் மேல் இருக்கும் ஸ்டிக்கருக்கு ஹேர் டிரையர் காட்டாதீர்கள். உள்ளே கம்பி சிவக்கச் சூடாகும் கருவி அது, பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. வெந்நீர்த் துணி மட்டும் பயன்படுத்துங்கள். அதோடு, கம்பெனியிலிருந்து வரும் டேங்க் ஸ்டிக்கர்கள் பலவற்றின் மேல் கிளியர் எனப்படும் கண்ணாடிப் பூச்சு அடித்திருப்பார்கள். நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஓரம் தட்டுப்படவில்லை என்றால் அது பெயிண்டுக்கு அடியில் இருக்கிறது. அதை உரிக்க முடியாது.

சூடேறிய பிறகு பலரும் ஸ்க்ரூ டிரைவரையோ கத்தியையோ நுழைப்பார்கள். கோட்டைச் சுவரில் பெயரைக் கீறி வைக்கும் சுற்றுலாப் பயணிகளைத் திட்டுகிறோம், சொந்த வண்டியில் நாமே கீறிக்கொள்கிறோம். இரும்பு வேண்டாம். தூண்டிலுக்குப் போடும் தங்கூஸ் நரம்பு ஒரு முழம் எடுத்து, இரண்டு முனையையும் துணி சுற்றிக் கையில் பிடித்து, எழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் நுழைத்து ரம்பம் இழுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். ஃபோம் டேப் அறுந்துகொண்டே வரும். நரம்பு தகட்டின்மேல் உரசாமல் எழுத்தின் பக்கமாகச் சாய்ந்து போக வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஓரத்தில் அடைந்திருக்கும் புழுதியை நரம்பு இழுத்துக்கொண்டு போய் உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். செஞ்சியைச் சுற்றியுள்ள கருங்கல் தூசு எப்படிப்பட்டது என்று கல்குவாரிப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஸ்டிக்கர் என்றால் நரம்பு தேவையில்லை. ஒரு மூலையைச் சூடாக்கி நகத்தால் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல் மடக்கினாற்போல் தகட்டை ஒட்டியே மெதுவாக இழுக்க வேண்டும். நின்றுவிட்டால் மறுபடியும் சூடு காட்டுங்கள். வெயிலில் வருஷக்கணக்கில் கிடந்த ஸ்டிக்கர் அப்பளம் மாதிரி நொறுங்கித் துண்டு துண்டாகத்தான் வரும். அதற்குப் பொறுமைதான் மருந்து. கண்ணாடியில் ஒட்டியதற்குப் பிளேடு போடலாம், ஆனால் பின் கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய கம்பிக் கோடுகள் இருந்தால் அங்கே பிளேடு கூடாது, கோடு அறுந்துவிடும். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சின்னம் வந்துவிட்டது, பசை நிற்கிறது. இங்குதான் நிறையப் பேர் வண்டியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கைக்குக் கிடைப்பது பெட்ரோல், தின்னர், நெயில் பாலிஷ் எடுக்கும் திரவம். மூன்றையும் தள்ளி வையுங்கள். நம் ஜமாஅத் சகோதரர் ஒருவரின் காரை ஒரு பட்டறையில் விட்டார். டிக்கி ஏற்கெனவே ஒரு விபத்துக்குப் பிறகு மறு பெயிண்ட் அடித்தது. பையன் ஒருவன் தின்னரைத் துணியில் தோய்த்து இரண்டு தேய் தேய்த்தான். பசையோடு பளபளப்பும் போய் உள்ளங்கை அகலத்துக்குப் பால் சிந்தியதுபோல் ஆகிவிட்டது. டிக்கி முழுவதும் திரும்ப அடிக்க வேண்டியதாயிற்று. வாடகை வண்டி ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவருக்கு இரண்டு நாள் வண்டி பட்டறையில் நின்றால் இரண்டு நாள் வருமானம் போனதுதான். கம்பெனி அடித்த பெயிண்ட் சூளையில் வாட்டப்பட்டது, ஓரளவு தாங்கும். மறு பெயிண்டும் பிளாஸ்டிக் பம்பரும் தாங்காது.

பசைக்கு நீலகிரித் தைலம் நல்லது, அல்லது மண்ணெண்ணெய் கொஞ்சம். அவசரமில்லாதவர்களுக்குத் தேங்காய் எண்ணெயே போதும். பஞ்சில் நனைத்துப் பசையின் மேல் வைத்துக் கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு கட்டைவிரலால் உருட்டினால் ரப்பர் மாதிரித் திரண்டு வரும். எது போட்டாலும் முதலில் பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் ஒரு துளி தடவி, வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். வண்டியின் நிறம் துணியில் ஏறினால் நிறுத்திவிடுங்கள். தைலமானாலும் மண்ணெண்ணெயானாலும் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் பக்கத்தில் வேண்டாம், அடுப்பும் பீடியும் கிட்டவே வரக்கூடாது. முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பசை போகக் கழுவித் துடைத்துவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தானாகக் காய விடாதீர்கள், வெள்ளைப் புள்ளிகள் தங்கிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகு வண்டியைப் பார்த்தால் எழுத்து அப்படியே தெரியும். "பாய், எடுத்தும் எடுக்காத மாதிரி இருக்கு" என்று இங்கேதான் மனம் நொந்து வருவார்கள். அந்தத் தடம் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் தேய்க்கத் தொடங்கக்கூடாது.

தடம் மூன்று விதம். விரலால் தடவினால் பிசுபிசுப்பாகவோ மேடாகவோ தெரிந்தால் அது மிச்சப் பசையும் ஓரத்தில் அடைந்த அழுக்கும். மறுபடி எண்ணெய், மறுபடி சோப்பு, அவ்வளவுதான். நகம் மாட்டிக்கொள்ளும் கோடாக இருந்தால் அது கீறல், முன்பு யாரோ கத்தி போட்ட அடையாளம். அதற்குப் பட்டறைதான். தடவினால் வழுவழுப்பாக இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் எழுத்துத் தெரிகிறது என்றால் அது வெளுப்பு.

வெளுப்பில் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எழுத்து இருந்த இடம் கெட்டுவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் வண்டியிலேயே நல்ல இடம் அதுதான். அத்தனை வருஷ வெயிலையும் மழையையும் அந்தச் சின்னம் தாங்கிக்கொண்டது, அடியில் இருந்த பெயிண்ட் கம்பெனியில் அடித்த நாள் மாதிரியே இருக்கிறது. வெளுத்தது சுற்றியுள்ள இடம். ஆகவே எழுத்து இருந்த இடத்தையே போட்டுத் தேய்ப்பவர்கள் நல்ல இடத்தைத் தேய்த்துக் கெடுக்கிறார்கள். தேய்க்க வேண்டியது சுற்றுப்புறத்தை.

எவ்வளவு தேய்க்கலாம்? கார் பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் பூச்சின் கனம் சுமார் 40 முதல் 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்து அந்தப் பூச்சில்தான் கலந்திருக்கிறது. ரப்பிங் காம்பவுண்ட் என்பது மிக நுண்ணிய மணல் மாதிரி. ஒவ்வொரு தடவை தேய்க்கும்போதும் அந்தப் பூச்சில் கொஞ்சம் போகும், போனது திரும்ப வராது. வருஷா வருஷம் பெருநாளைக்கு முன் வண்டி பளபளக்க வேண்டும் என்று காம்பவுண்ட் போடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். நான்கைந்து பெருநாளுக்குப் பிறகு பானெட்டில் தேமல் மாதிரி உரிய ஆரம்பித்துவிடும்.

அதனால் முதலில் மென்மையான பாலிஷ் மட்டும் போடுங்கள். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில் ஒரு பொட்டு எடுத்து, ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தில், அழுத்தாமல், நேர்க்கோடாக முன்பின்னாகத் தேய்த்து, துடைத்து, நிழலில் பாருங்கள். பாதித் தடம் அதிலேயே மங்கிவிடும். போதவில்லை என்றால் மட்டும் காம்பவுண்ட், அதுவும் ஒரு தடவை அல்லது இரண்டு தடவை. பிறகு மறுபடி பாலிஷ், கடைசியில் வேக்ஸ். தகடு மடியும் ஓரங்களிலும் விளிம்புகளிலும் பூச்சு இன்னும் மெல்லியது, அங்கே தேய்க்க வேண்டாம். மெக்கானிக் கடை பஞ்சு வேஸ்டில் இரும்புத் துகள் இருக்கும், அது ஆகாது. பற்பசை போடலாமா என்று கேட்கிறார்கள். அதிலும் அரைக்கும் பொருள்தான் இருக்கிறது, எவ்வளவு கரடு என்று தெரியாது. கதவுப் பிடியருகே நகக் கீறலுக்குப் போட்டுப் பார்க்கலாம், டிக்கி முழுவதற்கும் அது வேலை இல்லை.

பழைய கார்களில், குறிப்பாகச் சிவப்பு நிறத்தில், காம்பவுண்ட் போடும்போது துணியில் வண்டி நிறம் ஏறுவதைப் பார்த்தால் கிளியர் இல்லாத பெயிண்ட் என்று பொருள், அல்லது கிளியர் தேய்ந்துவிட்டது என்று பொருள். எதுவாக இருந்தாலும் அங்கேயே நிறுத்திப் பெயிண்டரிடம் காட்டுங்கள். நிறமே வெளுத்திருந்தால் எந்தப் பாலிஷும் அதைத் திரும்பக் கொண்டுவராது. தடம் மங்கும், முழுதாகப் போகாது. மூன்று அடி தள்ளி நின்றால் தெரியவில்லை என்றால் அதோடு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். நம் வேனின் பின் கதவிலும் வெயில் சாய்வாக விழும்போது பிறையின் வளைவு இன்னும் லேசாகத் தெரியத்தான் செய்கிறது. கதவு முழுவதும் பெயிண்ட் அடிக்கும் பணத்தில் எத்தனை நோயாளிக்கு டீசல் போடலாம் என்று கணக்குப் பார்த்து விட்டுவிட்டோம். ஒருவர் தடத்தின் மேல் தம் குடும்பப் பெயரைப் பெரிய எழுத்தில் அன்பளிப்பு என்று ஒட்டித் தருவதாகச் சொன்னார். நன்றி சொல்லித் தவிர்த்துவிட்டோம்.

விற்பதற்காக எழுத்தை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண மாடலின் எழுத்தை எடுத்துவிட்டு அடுத்த மாடலின் எழுத்தை ஒட்டி விற்பது நடக்கிறது. அந்த எழுத்துகள் உதிரிபாகக் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பழைய வண்டி வாங்கும் சகோதரர்கள் டிக்கி எழுத்தை நம்பாமல் ஆர்.சி. புத்தகத்தையும் எம்-பரிவாகன் செயலியையும் பாருங்கள். எழுத்துக்கும் அதன் பக்கத்தில் தெரியும் பழைய தடத்துக்கும் பொருத்தமில்லையென்றால் விசாரியுங்கள். சரக்கின் குறையை மறைத்து விற்பது வியாபாரத்தில் சேராது என்பதை நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தடத்தை மறைக்க வண்டி முழுவதும் வேறு நிறம் அடிப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் நிறத்தை மாற்றியாக வேண்டும்.

கடைசியாக, பிஸ்மில்லாஹ், மாஷா அல்லாஹ், ஆயத்துல் குர்ஸி ஒட்டியிருக்கும் வண்டிகள். உடம்பில் ஒட்டிய இவற்றை எடுக்கச் சொல்லி சென்னை அறிவிப்பில் இல்லை. ஆனால் வெயிலில் கிழிந்து பாதி எழுத்தோடு தொங்குபவற்றையும், சேறு தெறிக்கும் பம்பரிலும் மட்கார்டிலும் ஒட்டியவற்றையும் எடுத்துவிடுவதுதான் மரியாதை. வாட்டர் சர்வீஸில் விட்டால் பம்பு தண்ணீரில் துண்டுகள் பிய்ந்து சாக்கடைக்குள் போகும். ஆகவே வண்டியைக் கழுவக் கொடுக்கும் முன் வீட்டிலேயே, கீழே ஒரு துணியை விரித்து, சூடு காட்டி உரித்து, நொறுங்கிய துண்டுகளையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். தூய துணியில் சுற்றி, கால் படாத இடத்தில் புதைப்பது உலமாக்கள் காட்டும் வழி. எரிப்பதற்கும் மார்க்கத்தில் முன்மாதிரி உண்டு, ஆனால் அது காகிதத்துக்கும் தோலுக்கும். இந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக், எரித்தால் வரும் புகை நுரையீரலை அரிக்கும். எனவே எரிக்க வேண்டாம். எடுத்த பின் அந்த எழுத்தின் தடம் வண்டியில் தெரிந்தால் மேலே சொன்ன பாலிஷ் முறைதான். புதிதாக ஒட்ட விரும்புகிறவர்கள் வண்டிக்கு உள்ளே, டிரைவரின் பார்வையை மறைக்காத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரித்த துண்டுகளைப் புதைக்க இடமில்லாதவர்கள் அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுக்கலாம். வாசலுக்கு உள்ளே வலப்பக்கம் பச்சைத் துணிப்பை தொங்கவிட்டிருக்கிறோம். பழைய காலண்டர், கிழிந்த குர்ஆன் ஏடுகளோடு சேர்த்துக் கபரஸ்தான் ஓரத்தில் ஒதுக்கிய இடத்தில் அடக்கிவிடுவோம், இன்ஷா அல்லாஹ். வேனுக்காக வாங்கிய ஹேர் டிரையரும் ஒரு கண்டு தங்கூஸ் நரம்பும் அலுவலகத்தில் இருக்கின்றன. அஸருக்குப் பிறகு வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப்போய் மறுநாள் திருப்பித் தரலாம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்